எங்கே இறங்கவில்லை என்று கேளுங்கள்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் தொலைபேசியில் ஒரு குறையைச் சொன்னால், அதை அவர் சொன்ன சொல்லிலேயே பதிவு செய்ய வேண்டும். அவர் சொல்லாத சொல்லைப் பதிவில் சேர்க்கக் கூடாது. நான் வேலை பார்த்த ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் இந்த விதி ஏதாவது ஓர் எண்ணில், ஏதாவது ஒரு பக்கத்தில் இருந்தது. பயிற்சி வகுப்பில் இதை வாசிக்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். இவ்வளவு எளிய விதியை யார் மீறப் போகிறார்கள் என்று கேட்கும் தலையாட்டல் அது. மீறுவது எவ்வளவு எளிது என்பது வேறு பாடம். அதற்கு வகுப்பு கிடையாது.

வீட்டுக்குப் போன நோயாளிகளின் அழைப்புகளை எடுக்கும் மேசைக்கு உங்களில் சிலர் இப்போது போகப் போகிறீர்கள். அனுபவத்திலிருந்து நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். நாலு வரியில் எழுதுபவள் செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றிருக்க மாட்டாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் வார்டில் ஒரு ஹெட் சிஸ்டர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். ஒரு முறை ஒரு பெரியவரிடம் அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கப் போன டியூட்டி டாக்டர் வெறும் தாளோடு திரும்பினார். பெரியவர் பேனாவைப் பார்த்து "கை வரலப்பா" என்றாராம். 'நோயாளி சம்மதிக்கத் தயங்குகிறார்' என்று எழுதி வைத்துவிட்டு டாக்டர் டீ குடிக்கப் போனார். ஹெட் சிஸ்டர் அதைப் படித்தார். நேரே கட்டிலுக்குப் போனார். பெரியவரின் இரண்டு கைகளையும் உயர்த்திப் பிடித்து, பிறகு தன் பிடியை விட்டார். இடது கை நின்றது. வலது கை போர்வையில் விழுந்தது. பக்கவாதம் ஆரம்பித்திருந்தது. கை வரல என்றால் மனமில்லை என்றும் பொருள், கை வரவில்லை என்றும் பொருள். ஹெட் சிஸ்டர் எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: "அவரு தமிழ்லதான்டி சொன்னாரு. நீங்கதான் புரிஞ்சிகிட்டீங்க."

இந்தக் கதையை நான் வகுப்பு வகுப்பாகச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஓய்வுக்குப் பின் ஆரணிக்கு வந்தேன். என் அக்கா ரோஸி அங்கே பள்ளிக்கூட டீச்சராக இருந்து, பட்டுத் தறிகள் நிறைந்த ஒரு தெருவில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தாள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவள் சமைப்பாள், நான் குறை சொல்வேன். பல வருடங்கள் நன்றாக நடந்த ஏற்பாடு. போன வருடம் அவள் போய்விட்டாள். குறை சொல்ல ஆள் இருந்தது, சமைக்க ஆள் இல்லை.

அதற்குப் பிறகு தெருவில் யார் "சாப்ட்டீங்களா சிஸ்டரம்மா?" என்று கேட்டாலும் நான் சொன்னது ஒரே பதில். "எங்கம்மா, சோறு இறங்கல." உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. சாவு விழுந்த வீட்டில் சோறு இறங்காது. பிள்ளை கோபித்துக்கொண்டு போன வீட்டில் இறங்காது. இதைக் கேட்டுவிட்டு யாரும் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்ப்பதில்லை. "மனச தேத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதுதான் சரியான மரியாதை.

அக்கா போன சில மாதங்களில் என் இதயம் தாளம் தப்பித் துடிக்க ஆரம்பித்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்லேஷன் செய்துகொண்டேன். தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாகக் கம்பியை இதயம் வரை செலுத்தி, தப்பான மின் துடிப்பு கிளம்பும் இடத்தைச் சுட்டு அடைப்பார்கள். நல்ல சிகிச்சை. நல்லபடியாகவே முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சின்னப் பெண் வந்து, கவனிக்க வேண்டிய அறிகுறிகளை விளக்கினாள்.

"கூட யார் வந்திருக்காங்க மேடம்? அவங்களையும் வெச்சிகிட்டுச் சொல்லணும்."

"நான்தான் கூட வந்திருக்கேன்."

அவள் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தொடையில் வீக்கம், கை கால் தளர்ச்சி. கடைசியாக, கொஞ்சம் அவசரமாக: காய்ச்சல், விழுங்குவதில் சிரமம், இவை சில வாரங்கள் கழித்தும் வரலாம். இந்தக் கடைசி வரியை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். காரணமும் எனக்குத் தெரியும். சுட்ட இடத்துக்கு நேர் பின்னால், ஒரு மெல்லிய சுவர் தள்ளி, உணவுக்குழாய் இறங்குகிறது. மிக மிக அபூர்வமாக அந்தச் சூடு அதுவரை எட்டிவிடும். அன்று ஒன்றும் தெரியாது. புண் மெதுவாக ஆழமாகும். உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் நடுவில் வழி திறந்துவிட்டால், பிழைப்பவர்கள் குறைவு.

இவ்வளவும் தெரிந்தவளுக்கு மூன்றாவது வாரம் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

இட்லி நெஞ்செலும்புக்குப் பின்னால் கொஞ்சம் தயங்கிப் போனது. அக்காவின் சட்னி இல்லாத இட்லிக்கு வேறு எப்படிப் போகத் தோன்றும் என்று நினைத்தேன். மறுநாள் சோறு தயங்கியது. பாதித் தட்டோடு எழுந்தேன். பக்கத்து வீட்டுப் பத்மா அப்போது வாசலில் நின்றிருந்தாள். அவள் கணவர் தரணேந்திரன் நெசவாளர்களுக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்துச் சேலையாக வாங்கிக் கடையில் விற்பவர். இருவரும் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்ப் பக்கத்தில் இருக்கும் தமிழ் ஜைனர்கள்.

"இன்னா சிஸ்டரம்மா, அதுக்குள்ள கை கழுவிட்டீங்க?"

"சோறு இறங்கல பத்மா."

"தனியா உக்காந்துகினு சாப்ட்டா எப்டிங்க இறங்கும்? ரோஸி டீச்சர் போனதுல இருந்து நீங்க பாதியா பூட்டீங்க."

நான் தலையாட்டினேன். அவள் சொன்னது ஒரு வருடமாக உண்மையாகத்தான் இருந்தது.

ஆனாலும் விதி தெரிந்தவள் இல்லையா? ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். ஓர் இளம் செவிலி எடுத்தாள். குரலில் அக்கறை இருந்தது. அதை இன்றைக்கும் சொல்வேன்.

"அப்லேஷன் ஆகி மூணாவது வாரம்மா. சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

"பசி எடுக்கலையா மேடம்?"

"என்னமோ, இறங்கல."

"நெஞ்சு வலி? மூச்சு வாங்குதா? படபடப்பு?"

"இல்ல."

"வீட்ல கூட யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா. அக்கா இருந்தாங்க. போன வருஷம் தவறிட்டாங்க."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அதான் மேடம். எங்க ஆயா போனப்போ எங்க தாத்தாவும் இப்படித்தான் இருந்தாரு. பசியின்மைன்னு போட்டு டாக்டருக்கு அனுப்பியிருக்கேன். பதில் வரும்."

பசியின்மை என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. அந்தப் பெண் சேர்த்தாள். விதியைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய நான் கேட்டுக்கொண்டு "சரிம்மா" என்றேன். ஏனென்றால் எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஒரு வருடமாக ஒரே அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருந்த சொல், ஒருநாள் வேறு அர்த்தத்தில் வாயைவிட்டு வந்தது. பேசிய வாய்க்கே அது தெரியவில்லை.

இரண்டொரு நாள் கழித்துப் பத்மா வந்து கூப்பிட்டாள். சதுர்த்தசி அன்று அவள் உபவாசம் இருப்பாள். தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது. மறுநாள் காலையில் வெயில் ஏறிய பிறகு உபவாசத்தை முடித்துச் சாப்பிடுவதைப் பாரணை என்பார்கள். தனியாகச் சாப்பிடாமல் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொள்வது அவளுக்குப் பிடிக்கும்.

"நீங்களும் ரெண்டு நாளா ஒண்ணும் சாப்புடல. நானும் பட்டினி. ரெண்டு பேரும் சேர்ந்து சாப்டலாம் வாங்க. எப்டி இறங்கலன்னு பாக்கறேன்."

போனேன். எனக்கு நல்ல பசி. பச்சைப் பயற்றுப் பருப்பு, நெய், புடலங்காய்க் கூட்டு, மோர். ஜன்னல் வழியே வெயில். பக்கத்தில் பத்மா, எதிரே தரணேந்திரன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் தெருவில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது.

தரணேந்திரன் கடைக்கு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "சேலையக் கையில தூக்கிப் பாத்துட்டு வெயிட்டே இல்லையேன்றாரு சிஸ்டரம்மா. பொண்ணு கட்டிகினு நிக்கட்டும், அப்பத் தூக்கிப் பாருங்கன்னேன்."

"இப்டிப் பேசினா எவன் வாங்குவான்?" என்றாள் பத்மா. "அதான் நம்ம யாவாரம் இந்த லட்சணத்துல இருக்குது."

"வாங்கிகினுதான் போனாரு. ரெண்டு!"

நான் சிரித்துவிட்டேன். அக்கா போன பிறகு அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு கவளத்தை விழுங்கினேன். அது நெஞ்செலும்புக்குப் பின்னால் வந்து நின்றது. நின்று, கத்தி போல ஒரு வலி முதுகு வரை போனது.

பத்மாவைப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவள். கவளம் கவளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. நானும் பட்டினி. என் பக்கத்திலும் ஆள் இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, பசித்தது, ருசித்தது. துக்கம் அப்படி வேலை செய்யாது. துக்கம் சோற்றை வாய்க்கு வெளியிலேயே நிறுத்தும். விழுங்கிய பிறகு நெஞ்சுக்கு நடுவில் நிறுத்தாது.

கையை உதறிவிட்டு எழுந்தேன்.

"இன்னா ஆச்சுங்க? மோராச்சும் குடிங்க."

"இனிமே வாயில பச்சத் தண்ணி படக் கூடாது பத்மா."

"அய்ய! நேத்து என் உபவாசம். இன்னிக்கி உங்களுதா?"

வீட்டுக்குப் போய்த் தெர்மாமீட்டரை வைத்தேன். காய்ச்சல் இருந்தது. லேசாகத்தான். இந்த விஷயத்தில் லேசான காய்ச்சல் என்று ஒன்று கிடையாது.

மறுபடி போன் செய்தேன். இந்த முறை எல்லாச் சொல்லும் சரியாக வந்தது. பசி இருக்கிறது, விழுங்கினால் நெஞ்சில் நிற்கிறது, வலிக்கிறது, காய்ச்சல், அப்லேஷன் ஆகி மூன்றாவது வாரம். எடுத்தது வேறு ஆள்.

"உங்க நம்பர்ல ஏற்கனவே ஒரு கம்ப்ளெய்ன்ட் ஓப்பன்ல இருக்கு மேடம். சாப்பாடு சம்பந்தமானது. அதேதானே?"

"அது இல்லம்மா. அது தப்பு. இது வேற."

"ஒண்ணு முடியாம இன்னொண்ணு போட முடியாது மேடம். பதில் வரும்."

"டியூட்டி டாக்டரைக் குடுங்க."

"ரவுண்ட்ஸ்ல இருக்காங்க. சொல்றேன். பதில் வரும் மேடம்."

எனக்கு அந்த மேசையின் எல்லா விதியும் தெரியும். மேலதிகாரியை எப்படி இணைப்பில் கொண்டுவருவது, எந்தச் சொல்லைச் சொன்னால் சிவப்பு விளக்கு எரியும், யார் பெயரைச் சொன்னால் யார் எழுந்து நிற்பார்கள் எல்லாம் தெரியும். வாயைத் திறந்தேன். பிறகு போனை வைத்துவிட்டேன். நீங்கள் மறந்தாலும் பரவாயில்லை, உங்கள் நோயாளிகளுக்கு இதைச் சொல்லுங்கள்: போனில் நியாயம் ஜெயிப்பதற்கு ஒரு நேரம் உண்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு ஒரு நேரம் உண்டு. இரண்டையும் ஒரே காலையில் செய்ய முடியாது.

தரணேந்திரன் கார் எடுத்தார். அவர் ஒரு யோசனை வைத்திருந்தார். "முதல்ல இங்கயே காட்டிடலாங்க. நம்ம டாக்டர்தான், ஜல்தியா பாத்துடுவாரு." மறுத்திருக்க வேண்டும். உதவி செய்பவரை மறுப்பது தனியாக இருப்பவர்களுக்குச் சுலபம் இல்லை. ஊருக்குள் இருந்த ஒரு தனியார் கிளினிக்கில் இறங்கினோம்.

டாக்டர் நடுத்தர வயது. வேலை தெரிந்தவர் என்பது வயிற்றை அழுத்திப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. "அசிடிட்டிதாம்மா. உணவுக்குழாய்ல புண்ணு இருக்கும். எண்டோஸ்கோப்பி ஒண்ணு பாத்துட்டா தெளிவாயிடும். மாடியிலயே மிஷின் இருக்கு. வெறும் வயிறா?"

"காலையில ஒரு கவளம், அதோட சரி. எண்டோஸ்கோப்பி வேணாம் டாக்டர்."

"பயப்படாதீங்க. தொண்டைல ஸ்ப்ரே அடிச்சிடுவோம், தெரியவே தெரியாது."

"பயம் இல்ல. இதயத்துல அப்லேஷன் ஆகி மூணாவது வாரம், காய்ச்சலும் இருக்கு. உள்ள ஓட்டை விழுந்திருந்தா, நீங்க டியூப் வழியா அடிக்கற காத்து ரத்தத்துல கலந்து மூளைக்குப் போயிடும். முதல்ல நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுக்கணும். அதுவரைக்கும் உள்ள எதையும் விடக் கூடாது."

அவர் நிமிர்ந்தார். "நீங்க டாக்டரா?"

"நர்ஸ். டாக்டரா இருந்தா கூச்சப்பட்டுகிட்டு மாடி ஏறியிருப்பேன்."

தரணேந்திரன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். டாக்டர் என் டிஸ்சார்ஜ் தாளை வாங்கிப் படித்தார். திருப்பிப் படித்தார். "இதை நான் பாத்ததில்லம்மா" என்றார். நாற்பது வருடத்தில் எத்தனையோ டாக்டர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். இந்த வரியைச் சொன்னவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவரே போனை எடுத்து வேலூரில் தனக்குத் தெரிந்த இதய அறுவை சிகிச்சை நிபுணரிடம் பேசினார். சென்னையா வேலூரா என்று தரணேந்திரன் கேட்டார். அப்லேஷன் செய்த இடத்துக்கே போவது நல்லது என்றுதான் எங்கும் எழுதியிருக்கும். ஆனால் சிடி ஸ்கேனும், நெஞ்சைத் திறக்கத் தெரிந்தவர்களும் எங்கே அருகில் இருக்கிறார்களோ அங்கேதான் முதலில் போக வேண்டும். வேலூர் என்றேன். சென்னை டாக்டரின் உதவியாளருக்கு வழியிலேயே செய்தி அனுப்பினேன்.

கண்ணமங்கலம் தாண்டும்போது தரணேந்திரன் கேட்டார். "ரொம்ப பேஜார் புடிச்ச விஷயமாங்க இது?"

"இருக்கலாம்."

"யாருக்காச்சும் சொல்லணுமா?"

யோசித்துப் பார்த்தேன். களம்பூர் ரைஸ் மில்லில் கணக்கு பார்த்த சித்தப்பா மகன் ஒருவன் இருந்தான். அவனும் இப்போது இல்லை. "சொல்ல வேண்டியவங்கள்லாம் எனக்கு முன்னாடியே போய்ட்டாங்க" என்றேன். வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தேன். தரணேந்திரன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வேலூர் வரும்வரை அவர் வண்டியை வேகமாக ஓட்டினார்.

அவசரப் பிரிவில் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வீட்டுக்குப் போகும் ஒவ்வோர் அப்லேஷன் நோயாளியும் மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியம் இது. "இதயத்துல அப்லேஷன் ஆகி மூணு வாரம். இப்ப காய்ச்சல், விழுங்கினா வலி. உணவுக்குழாய்ல காயம் இருக்குமோன்னு சந்தேகம். எண்டோஸ்கோப்பி வேணாம், முதல்ல நெஞ்சுக்கு சிடி." அந்த இளம் டாக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தானே தள்ளினார்.

பதிவு கவுண்டரில் ஒரு பெண் தரணேந்திரனிடம் கேட்டாள். "பேஷன்ட்டுக்கு நீங்க என்ன உறவு சார்?"

"பக்கத்து வீடு."

"பக்கத்து வீடுன்னு போட முடியாது சார். கணவர், மகன், அண்ணன், தம்பி, இப்படி ஏதாவது சொல்லணும். இல்லன்னா கையெழுத்து வாங்க முடியாது."

எனக்கு அந்த விதியும் தெரியும். அதை நானே எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன், இதே குரலில். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு கேட்கும்போதுதான் அது எவ்வளவு மேலேயிருந்து வரும் குரல் என்று தெரிந்தது.

"தம்பின்னு போட்டுக்கோம்மா" என்றார் தரணேந்திரன்.

அவள் ஸ்டெல்லா என்ற என் பெயரைப் பார்த்தாள். தரணேந்திர நயினார் என்ற பெயரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். தம்பி என்று போட்டாள். நாற்பது வருடமாக ஊரே என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டது. தம்பி என்று ஒருவன் அன்றுதான் கிடைத்தான்.

அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஓர் எண் கேட்டாள். அக்காவின் எண் தானாக வாய்க்கு வந்தது. முதல் மூன்று இலக்கம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஸ்கேன் அறைக்குள் ஆள் போனபின் கதவைச் சாத்திவிடுவார்கள். மூச்சைப் பிடி, விடு என்று ஒரு பதிவுக் குரல் சொல்லும். பிடித்தேன், விட்டேன். வெளியே வந்ததும் முடிவைச் சொல்ல டாக்டர் சுற்றிலும் ஆள் தேடினார். தம்பி கீழே வண்டியை எடுத்து வேறிடத்தில் நிறுத்தப் போயிருந்தான். "என்கிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்றேன். உணவுக்குழாயின் சுவர் புண்பட்டு வீங்கியிருந்தது. ஓட்டை விழவில்லை. இன்னும் விழவில்லை என்றார். அந்த 'இன்னும்' என்ற சொல்லை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

பதில் வரட்டும் என்று வீட்டில் இருந்திருந்தால், அதுவும் நாலு வாய் சோறு தினமும் தள்ளிக்கொண்டிருந்தால், அந்த 'இன்னும்' போயிருக்கும் என்றும் சொன்னார்.

வாய்வழி எதுவும் கூடாது என்று கட்டிலில் அட்டை தொங்கவிட்டார்கள். மருந்தும் சத்தும் நரம்பு வழியே ஏறின. தீபாவளி ஆர்டர் காத்திருந்ததால் தரணேந்திரன் அன்று மாலையே திரும்பினார். பத்மாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். மற்ற நாட்களில் யாரும் இல்லை. மதியம் வார்டில் எல்லாக் கட்டிலருகிலும் டிபன் கேரியர் திறக்கும். சாம்பார் வாசனை வரும். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு மகள் பிசைந்து ஊட்டுவாள். எனக்கு ராட்சசப் பசி. அந்தப் பசியோடு, பசியின்மை என்று பதிவான ஒருத்தி அங்கே படுத்திருந்தாள். தீபாவளி அன்று ஜன்னலுக்கு வெளியே வெடிச் சத்தம். வார்டு பாதி காலியாக இருந்தது. டியூட்டியில் இருந்த செவிலி வந்து, "உங்களுக்கு யாரும் இல்லையா மேடம்?" என்று கேட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்ல பெண். அந்தக் கேள்வியை நாங்கள்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

அடுத்த ஸ்கேனில் வீக்கம் வடிந்திருந்தது. தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு குழைந்த சோறு. வீட்டுக்கு வந்தேன்.

இனி உங்களுக்கு. நோயாளியின் சொல்லிலேயே எழுதுங்கள் என்ற விதி சரியான விதி. அதை யாரும் மாற்ற வேண்டாம். ஆனால் அது பாதி விதி. எழுதிய பிறகு அந்தச் சொல்லை அவர் முன்னால் திருப்பி வைத்து, ஒரு கேள்வி கேளுங்கள். இறங்கல என்றால், எங்கே இறங்கவில்லை? வாயிலா, தொண்டையிலா, நெஞ்சிலா? நிற்கும் இடத்தை விரலால் தொட்டு, எங்கே என்று சொல்லச் சொல்லுங்கள். பசிக்கிறதா, தண்ணீர் இறங்குகிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா, காய்ச்சல் உண்டா? கேட்டு முடிக்க அதிக நேரம் ஆகாது. தனியாக இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அதை அவருடைய நோய்க்குக் காரணமாக எழுதாதீர்கள். தனியாக இருப்பவர்களுக்கும் புண் வரும். அதைக் கவனித்து உங்களுக்கு போன் செய்ய அவர்கள் வீட்டில் வேறு ஆள் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அன்று போனை எடுத்த முதல் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் துக்கத்தை அவள் கேட்டாள். வேறு யாரும் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. அதைக் கேட்டதில்தான் மற்றது கேட்காமல் போனது.

இப்போது நானே சமைக்கிறேன். பத்மா கூப்பிட்டால் சில நாள் போகிறேன். மற்ற நாட்களில் ரேடியோ. அப்படி ஒரு மதியம் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கவளமும் எங்கும் நிற்கவில்லை. பண்டிகை என்று தறிகளை நிறுத்தியிருந்ததால் தெருவில் சத்தமே இல்லை. போனில் செய்தி வந்தது. சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து.

'பசியின்மை குறித்த தங்கள் குறை பரிசீலிக்கப்பட்டது. சிறிது சிறிதாக, அடிக்கடி உண்ணவும். இயன்றவரை குடும்பத்தினருடன் அமர்ந்து உண்ணவும். தங்கள் குறை தீர்ந்துவிட்டதா? ஆம் / இல்லை.'

நான் சொன்ன குறை சோறு இறங்கல என்பது. ஆம் என்று அழுத்தினால் உணவுக்குழாயைப் பொறுத்தவரை உண்மை. இல்லை என்று அழுத்தினால் அதுவும் பொய்யில்லை. இரண்டுக்கும் நடுவில் எழுத இடம் விடவில்லை. பதில் அளிக்காவிட்டால் குறை தீர்ந்ததாகக் கருதப்படும் என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டேன். அன்று கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். நான் குறை சொன்னது தீபாவளிக்கு முன்னால்.